அமரர் கமலாவதி ஞாபகார்த்தக் கதிரை

உடுவிலில் அந்த மேல்மாடியை வாடகைக்கு எடுத்தபோது கீர்த்திகா சொன்னது ஒரேயொரு பொய்தான்.

"அப்பாவுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, ஐயா. விடிய எழும்பி யோகாசனம் செய்யிறவர்."

அப்பா இளையதம்பி வாழ்நாளில் யோகாசனம் செய்ததில்லை. இளைப்பாறிய தபாலதிபர். முப்பத்திரண்டு வருடம் இருந்த இடத்தில் இருந்தே முத்திரை குத்தியவர். அந்தப் பொய் சொல்லப்பட்ட நாளிலேயே அவருடைய சிறுநீரகங்களில் ஒன்று இளைப்பாறிவிட்டது. மற்றது விண்ணப்பம் போட்டிருந்தது.

பொய்க்குக் காரணம் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை முடிந்து, ஸ்கூட்டியில் அலைந்து அவள் ஏற்கெனவே ஐந்து கீழ்வீடுகள் பார்த்திருந்தாள். ஐந்திலும் வாடகையைச் சொல்வதற்கு முன் ஒரே கேள்விதான் வந்தது: "வயசுபோன வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" அவள் உண்மையைச் சொன்னாள். ஐந்து படலைகளும் சாத்தப்பட்டன.

ஆறாவது இந்த வீடு. சொந்தக்காரர் பொன்னம்பலம் கனடாவில் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மச்சான் முத்துக்குமாரு. சமாதான நீதவான், அதோடு சமூகச்சுடர், அறப்பணி வேந்தர், இன்னும் இரண்டு. அவருடைய கடிதத்தாளில் பட்டங்கள் முடிந்து கடிதம் தொடங்குவதற்குள் பாதிப் பக்கம் போய்விடும். வீட்டின் கொள்கையை அவரே விளக்கினார்.

"அத்தான் இந்த வீட்டைக் கட்டினது கடைசியிலை வந்து கண்மூடுறதுக்கு, பிள்ளை. ஹோல் முப்பத்திரண்டு அடி. சனம் நிண்டு தேவாரம் படிக்கக் காணும். இந்த வீட்டிலையிருந்து முதல் போறது அவராத்தான் இருக்கவேணும். வாடகைக்கு வந்த ஆள் முந்திக்கொண்டால் சரியில்லை, விளங்குதே?"

கீர்த்திகாவுக்கு விளங்கியது. அதனால்தான் யோகாசனம்.

முப்பத்திரண்டு அடிக் கூடம் உள்ள கீழ்வீடு பூட்டியே கிடந்தது. ஆவணித் திருவிழாவுக்குப் பொன்னம்பலம் வருவார் என்று சோபாக்களுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டிருந்தார்கள். ஆறு ஆவணி வந்து போய்விட்டது, அவர் வரவில்லை. வாசலால் நுழைந்ததும் நேரே மேலே எழும் படிக்கட்டுத்தான் அந்த வீட்டின் மகுடம். இருபத்தொரு படி. ஒற்றை எண்ணில் இருக்கவேண்டும் என்று சாத்திரி சொன்னதால் கடைசிப் படி ஒன்று பேருக்கு மூன்று அங்குல உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. ஏறுகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒருமுறை தடுக்கி, உள்ளே தலைகுனிந்து நுழைவார்கள்.

ஒன்றரை வருடத்தில் மற்றச் சிறுநீரகமும் இளைப்பாறியது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். முதலில் அவர் கைபிடியைப் பிடித்து இறங்கினார். பிறகு படியில் இருந்து இருந்து அரைந்து இறங்கினார். பிறகு முன்வீட்டுக்காரரும் ஓட்டோக்காரரும், முத்துக்குமாருவின் கண்ணில் படாமல், பிளாஸ்ரிக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியால் திரும்பி ஏறும்போது, பதினாலாம் படியில், கதிரைக் கால் ஒன்று வெடித்தது. இளையதம்பி கைபிடிக் கம்பியை எட்டிப் பிடித்துத் தொங்கினார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அன்றைக்குச் சொல்லிவிட்டார்: "இனி என்னைத் தூக்க வேண்டாம். நான் பார்சல் இல்லை."

மாற்று வழி அப்போதே வீட்டுக்குள் இருந்தது. லண்டனில் பெரியம்மாவின் மகள் ஆரபி, மாமியார் காலமானபின் அவருடைய வீட்டுப் படியில் பூட்டியிருந்த மின்கதிரையைக் கழற்றிக் கப்பல் பெட்டியில் அனுப்பியிருந்தாள். துவாய், சவர்க்காரம், கோப்பிப் போத்தல்களுக்கு நடுவே கதிரையும், இரண்டாக வெட்டிய தண்டவாளமும் வந்து சேர்ந்தன. தண்டவாளத்தைச் சுவரோரம் படியில் பூட்டி, கதிரையில் இருந்து பொத்தானை அமத்தினால் அது ஆளோடு ஏறும், இறங்கும். பூட்டுவதற்குப் படியில் துளை போடவேண்டும். துளைக்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்டால், "என்னத்துக்கு?" என்று கேட்பார்.

கதிரையைப் படுக்கைவிரிப்பால் மூடிவைத்துவிட்டு, அந்த "என்னத்துக்கு"வுக்கு ஒரு பதிலைக் கீர்த்திகா மூன்று கிழமை தேடிக்கொண்டிருந்தாள். வெடித்த பிளாஸ்ரிக் கதிரை பதிலை அவசரப்படுத்தியது. அன்று பின்னேரமே கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

பொன்னம்பலம் கோட்டுப் போட்டுக்கொண்டு தோன்றினார். அவருக்குப் பின்னால் பெரிய சுடுதண்ணீர்த் தாங்கி ஒன்று உறுமியது. சுவரின் உச்சியில், கூரையோடு ஒட்டி, ஒரு சின்ன யன்னல். "இது என்ரை ஒபிஸ் ரூம்" என்றார், அவள் கேட்காமலே. யன்னலுக்கு வெளியே பனியில் இரண்டு சப்பாத்துக்கால்கள் மட்டும் நடந்து போயின.

"அங்கிள், உங்கடை படிக்கு ஒரு லிப்ட் பூட்டினால் என்னெண்டு யோசிச்சன்."

"என்னத்துக்கு?"

"வடிவா இருக்கும். உடுவிலிலை ஒரு வீட்டிலையும் இல்லை."

பொன்னம்பலம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "ஒருத்தரிட்டையும் இல்லையோ?"

"இல்லை அங்கிள்."

"வட்டுக்கோட்டையிலை?" அங்கே அவருடைய சகலன் வாசலில் நீரூற்று வைத்துக் கட்டியிருந்தார்.

"வட்டுக்கோட்டையிலையும் இல்லை. விசாரிச்சனான்."

சம்மதம் கிடைத்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. கதிரை, அவருடைய தாயார் அமரர் கமலாவதியின் ஞாபகார்த்தமாக இருக்கவேண்டும். அதற்குக் கல் வைக்கவேண்டும். நல்லநேரத்தில் திறப்பு விழா நடக்கவேண்டும். அவர் வீடியோவில் பார்ப்பார். ஏற்பாடுகள் முத்துக்குமாருவிடம் ஒப்படைக்கப்பட்டன. முத்துக்குமாரு ஒரு பிரதம விருந்தினரை ஊரெல்லாம் தேடி, கடைசியில் தன்னையே தெரிவுசெய்தார்.

திங்கட்கிழமை பருத்தித்துறையிலிருந்து சூசைதாசன் வந்தார். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். இப்படியொரு சாமானை அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் கண்டதில்லை என்று சொல்லவுமில்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கதிரை மெல்லிய முனகலோடு வெறுமையாக மேலே போய்க் கீழே வந்தது. மேலே நின்ற இளையதம்பி இரண்டு கையாலும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, அதைத் தபால் வண்டி வருவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நாளைக்கு இதிலை போகலாம், அப்பா" என்றாள் கீர்த்திகா மெதுவாக.

அப்போதுதான் முத்துக்குமாரு சிவப்பு ரிபனோடு வந்தார். கதிரையின் இரண்டு கைக்கும் குறுக்கே அதைக் கட்டினார். பொறியில் தொங்கிய சின்னச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஐயா, சாவி..."

"வெள்ளிக்கிழமை விழாவெல்லே, பிள்ளை. அதுக்கு முதல் ஆரும் ஏறி இறங்கினால் பேந்தென்ன திறப்பு விழா? பழஞ்சாமானையே நான் திறக்கிறது?"

லண்டனில் ஒரு மாமியார் ஒன்பது வருடம் இருந்து எழும்பிய கதிரை அது. செவ்வாய்க்கிழமை கீர்த்திகா வாய் திறந்திருந்தால் சாவி கிடைத்திருக்கும், வீடு போயிருக்கும். அவள் திறக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்தார்கள்.

புதன்கிழமை அவருடைய கால்கள் வீங்கின. வியாழக்கிழமை செருப்பு நுழையவில்லை. சாய்ந்து படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை மூன்று வைத்து இருந்தபடியே கண்ணயர்ந்தார். சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்யும் தாதி ஸ்ரெல்லா போனில் சொன்னாள்: "ஒருக்கால் தவறினது போதும், அக்கா. வெள்ளி பத்தரைக்கு அவருக்குக் கட்டில் இருக்கு. அதையும் விட்டால் தண்ணி நெஞ்சுக்கு ஏறும். நான் பயப்பிடுத்தேல்லை. கொண்டுவாங்கோ."

வெள்ளிக்கிழமை நல்லநேரம் ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது ஐம்பத்துநாலு வரை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் இருபது நிமிடம். கீர்த்திகா கணக்குப் பார்த்தாள். சரியாக வந்தது. ஆனால் அவள் கணக்கில் பேச்சுக்களைச் சேர்க்கவில்லை.

காலையில் அப்பாவுக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டு, படுக்கையறையில் இருத்தி, கதவைச் சாத்தினாள். வீட்டுக்காரர் வீடியோவில் இருக்கும்போது அப்பா வெளியே தெரியக்கூடாது. கீழே நிற்கும் அவளுக்கு அவர் எப்படி இருக்கிறார் என்று தெரியவேண்டும். வழியை இளையதம்பியே சொன்னார். தந்தி அடித்த காலத்து ஆள் அல்லவா.

"கோலாலை நிலத்திலை தட்டுறன். ஒண்டெண்டால் இருக்கிறன். ரெண்டெண்டால் ஏலாமக் கிடக்கு."

"மூண்டெண்டால்?"

"மூண்டு தட்டுறதுக்கு எனக்கு மூச்சுக் காணாது, பிள்ளை. ரெண்டோடை வா."

ஒன்பதே காலுக்கு அயலவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் கூடிவிட்டார்கள். குத்துவிளக்குத் தயார். சுவரில், படியின் நடுப்பகுதியில், வெள்ளைத் துணி ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் கல். முதல்நாள் பின்னேரம் கீர்த்திகா வேலைக்குப் போயிருந்தபோது முத்துக்குமாரு மேசனைக் கூட்டிவந்து வைப்பித்திருந்தார். ஏறுகிறவர்களின் முகத்துக்கு நேரே தெரியவேண்டும் என்பதற்காக அந்த இடம்.

பிரதம விருந்தினரைத்தான் காணவில்லை. அவர் வீடு அடுத்த ஒழுங்கையில். கீர்த்திகா கேற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். முத்துக்குமாரு பட்டுவேட்டி, சால்வையோடு கடை மூலையில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினர் நேரத்துக்கு வருவது மரியாதையில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒன்பது இருபத்தைந்துக்கு, இருபது யார் தூரத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து, "வேலைப்பளு" என்றார்.

மேலே ஒரு தட்டு.

விளக்கேற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். பொன்னம்பலம் கீர்த்திகாவின் கைபேசிக்குள் இருந்தபடி கண்ணை மூடிக் கும்பிட்டார். அங்கே இரவு பதினொரு மணி, கோட்டுப் போட்டிருந்தார். நிகழ்ச்சி நிரலில் "வரவேற்புரை: குடியிருப்பாளர்" என்று அச்சடித்திருந்தது. கீர்த்திகா எல்லாரையும் ஒரே மூச்சில் வரவேற்றாள். பிறகு பிரதம விருந்தினர் உரை.

"ஆதிகாலத்திலே மனிதன் குகையிலே வாழ்ந்தான்" என்று தொடங்கினார் முத்துக்குமாரு.

கீர்த்திகா மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தெட்டு. மனிதன் ஒன்பது நாற்பத்துநாலுக்குத்தான் குகையை விட்டு வெளியே வந்தான். அவன் படிக்கட்டைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் மேலே இரண்டு தட்டுக் கேட்டது.

முத்துக்குமாரு பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "மேலை என்ன சத்தம்?"

"அப்பா" என்றாள் கீர்த்திகா. "யோகாசனம்."

"பாத்தியளே!" என்று சபையைத் திரும்பிப் பார்த்தார் முத்துக்குமாரு. "எழுபத்தாறு வயசிலை! இதுதான் எங்கடை பண்பாடு." அதிலிருந்து பண்பாட்டுக்குத் தாவினார்.

"ஐயா, நல்லநேரம் முடியப்போகுது" என்றாள் அவள். அவரை நிறுத்தக்கூடிய வசனம் உலகத்தில் அது ஒன்றுதான்.

துணி நீக்கப்பட்டது. கறுப்புக் கல், பொன் எழுத்து, சுற்றிவர மரச்சட்டம். மேலே சின்னதாக ஒரு வரி: அமரர் கமலாவதி ஞாபகார்த்தம். அதன் கீழ் கொஞ்சம் பெரிதாக: அன்பளிப்பு, பொன்னம்பலம், கனடா. அதன் கீழ் நாலு வரியில், முத்துக்குமாரு தம் பட்டங்களோடு. எல்லாரும் கைதட்டினார்கள். ரிபன் வெட்டப்பட்டது. முத்துக்குமாரு கதிரையில் அமர்ந்து, சாவியைப் போட்டு, கும்பிட்ட கையை எடுத்துப் பொத்தானை அமத்தினார்.

கதிரை ஏறியது. ஐந்தாம் படி. எட்டாம் படி. பத்தாம் படியில், கல்லுக்குப் பக்கத்தில், "டக்" என்று நின்று, சிவப்பு விளக்கு மினுங்கிக் கீச்சிட்டது.

"கரண்ட் நிண்டிட்டுதோ?" என்றார் ஒருவர்.

"இது பற்றறி" என்றார் விழாவுக்கு வந்திருந்த சூசைதாசன்.

"கண்ணூறு" என்றார் இன்னொருவர்.

கதிரையைக் கீழே இறக்கி மறுபடி விட்டார்கள். பத்தாம் படியில் மறுபடி நின்றது. சூசைதாசன் ஏறிப் போய்க் கதிரையின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"கல்லுத் தட்டுது, ஐயா. முதுகிலை ஏதும் முட்டினால் கதிரை நிக்கும். ஆளைக் காப்பாத்த அப்பிடிச் செய்திருக்கிறாங்கள்."

"கல்லு ஒரு இம்மியும் அசையேல்லையே!"

"அதுதானே பிரச்சினை. திங்கக்கிழமை இந்தக் கல்லு இங்கை இல்லை."

"அப்ப கதிரையை வெட்டும்."

"கதிரையை வெட்டினால் நீங்கள் எங்கை இருக்கிறது?"

கைபேசிக்குள்ளிருந்து பொன்னம்பலம் கத்தினார்: "கல்லிலை ஒருத்தரும் கை வையாதேங்கோ! அது அம்மா!"

ஒன்பது ஐம்பத்திரண்டு. கீர்த்திகா அடுத்த தட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு வரும். இல்லை, ஒன்றாவது வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அவளுக்கு அது ஒன்றும் கேட்கவில்லை. தட்டும் கேட்கவில்லை. ஒன்றிலிருந்து ஐம்பதுவரை மனதுக்குள் எண்ணினாள். வரவில்லை.

அவள் கைபேசியோடேயே படியில் ஓடினாள். கதிரையில் இருந்த பிரதம விருந்தினரின் முழங்காலைத் தாண்டிப் போனாள். இருபத்தோராம் படியில் தடுக்கி, கதவைத் தள்ளிக்கொண்டு அப்படியே அறைக்குள் விழுந்தாள்.

இளையதம்பி கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி முன்னால் குனிந்து இருந்தார். கோல் நிலத்தில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. கண்கள் அவளைப் பார்த்தன.

"கோல்... விழுந்திட்டுது" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"ஆரது?" என்றது அவள் கை. கைபேசி அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆரது, பிள்ளை?"

"அப்பா."

"யோகாசனம் செய்யிற ஆளோ?"

"இல்லை அங்கிள்." அவள் எழும்பக்கூட இல்லை. "ரெண்டு கிட்னியும் வேலை செய்யாத ஆள். வீடு கிடைக்காதெண்டுதான் பொய் சொன்னனான். பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலை நிக்கவேணும். அவருக்குப் படி இறங்க ஏலாது. அதுக்குத்தான் கதிரை. வடிவுக்கு இல்லை."

வாசலில் நின்றவர்கள் மேலே ஏறத் தொடங்கியிருந்தார்கள். "தூக்குவம், தூக்குவம்" என்றார்கள். ஆனால் தண்டவாளம் படியின் பாதியைப் பிடித்துவிட்டது. நடுவில் பிரதம விருந்தினர் இருந்தார். இருவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்க இடமில்லை. இளையதம்பியும் கட்டில் சட்டத்தை விடவில்லை.

கைபேசிக்குள் தண்ணீர்த் தாங்கி மட்டும் உறுமியது. பொன்னம்பலத்தின் முகம் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

"முத்துக்குமாரு எங்கை?" என்றார் கடைசியில்.

"கதிரையிலை."

"அவனை இறங்கச் சொல்லும். உந்தக் கல்லை எனக்கு ஒருக்கால் கிட்டக் காட்டும்."

அவள் ஓடிப்போய்க் காட்டினாள். பொன்னம்பலம் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். அம்மாவின் வரியை வாசித்தார். தன் வரியை வாசித்தார். கீழே வந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"உவன்ரை பேர் அம்மான்ரையைவிடப் பெரிசெல்லே?"

"ஓம் அங்கிள்."

"என்ரையையும்விட."

"ஓம்."

"உடையுங்கோ."

"அத்தான்!" முத்துக்குமாரு படியில் தட்டுத்தடுமாறி இறங்கியபடி அலறினார். "மாமியின்ரை கல்லெல்லே அத்தான்! வெள்ளிக்கிழமையெல்லே!"

"மாமியின்ரை ஒரு வரிதான். மிச்சம் உன்ரை கல்லு. உடையும், தம்பி."

சூசைதாசன் ஏற்கெனவே உளியை வைத்துவிட்டார். சீமெந்து ஒரு நாள்கூடக் காயவில்லை. மூன்றாம் அடிக்குக் கல் சட்டத்தோடு கழன்று, சரிந்து, இரண்டாக உடைந்தது. மேல்துண்டைச் சூசைதாசன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பட்டங்கள் இருந்த துண்டு ஒவ்வொரு படியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தத்தோடு, கீழே போய் குத்துவிளக்கடியில் நின்றது.

கதிரை மேலே வந்தது. கீர்த்திகாவும் சூசைதாசனும் இளையதம்பியை அதில் இருத்திப் பட்டி கட்டினார்கள். அவர் பொத்தானைத் தானே அமத்துவேன் என்று கையால் காட்டினார். கதிரை இறங்கியது. அது எத்தனை மெதுவான சாமான் என்று அப்போதுதான் கீர்த்திகாவுக்குத் தெரிந்தது. அவள் ஒவ்வொரு படியாகக் கூடவே இறங்கி, அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு வந்தாள். பத்தாம் படியில் கண்ணை மூடிக்கொண்டாள். கதிரை நிற்கவில்லை. அயலவர்கள் இருமருங்கும் ஒதுங்கி நின்றார்கள். ஒரு வயதானவர், பழக்கதோஷத்தில், கைகூப்பினார்.

கீழே முத்துக்குமாரு சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். இளையதம்பி அவரைக் கடக்கும்போது தலையைத் திருப்பினார்.

"திறந்தாச்சோ?" என்றார்.

ஓட்டோ கிளம்பியபோது பத்து எட்டு. இளையதம்பி கோலை ஊன்றி, முன்னால் சாய்ந்து இருந்தார். கீர்த்திகா ஒரு கையால் அவர் தோளைப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் கைபேசி இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"அங்கிள்" என்றாள். கேட்கவேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். "வீட்டை எப்ப விடவேணும்?"

பொன்னம்பலம் கோட்டைக் கழற்றினார். உள்ளே பழைய கம்பளிச் சட்டை, முழங்கையில் கிழிந்திருந்தது.

"உது கீழையிருந்து மேலையும் இதே வேகத்திலையோ ஏறும்?"

"ஓம் அங்கிள்."

"ஏறேக்கை குலுக்குமோ?"

"தெரியாது. அப்பா இன்னும் ஏறேல்லை."

"இங்கை பதின்மூண்டு படி, பிள்ளை. மகன் குடும்பம் மேலை, நான் நிலத்துக்குக் கீழை. முழங்கால் ஏலாது எனக்கு. கார்த்திகையிலை ஒருக்கால் மேலை போனனான்." கூரையடி யன்னலை அண்ணாந்து பார்த்தார். "மகனும் வாடகைக்குத்தான் இருக்கிறான். வீட்டுக்காரன் படியிலை ஒரு ஆணி அடிக்க விடான்."

ஓட்டோ மருதனார்மடச் சந்தியில் திரும்பியது. இளையதம்பி கோலால் ஓட்டோவின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கீர்த்திகா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கைபேசியைப் பார்த்தாள்.

"வீட்டுக் கதையை விடும்" என்றார் பொன்னம்பலம். "பின்னேரம் அவர் வந்து மேலை ஏறேக்கை எனக்கு ஒருக்கால் காட்டும்."

"அங்கை அப்ப விடியாதே, அங்கிள்?"

"விடிஞ்சாலும் இங்கை தெரியாது. நீர் எடும். நான் முழிச்சிருப்பன்."